கொல்லைக்குப் போதல்: ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறையின் இடம்

ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் எஞ்சி நிற்கும் திண்ணை வீடுகளைப் புதுப்பிப்பது பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து முடிந்த முடிபாகவே வழங்குகிறது: கழிப்பறை கொல்லைக் கோடியில் இருப்பதே மரபு, இரண்டாம் கட்டை ஒட்டி இன்னொரு குளியலறை சேர்த்தால் அம்மரபு குலையும். இதற்குக் காட்டப்படும் முதன்மைச் சான்று கல்வெட்டோ ஓலையோ அன்று; ‘கொல்லைக்குப் போதல்’ என்னும் பேச்சு வழக்கு. அதை அவசரமாகப் படித்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

கொல்லை என்றால் இன்று நமக்கு வீட்டின் பின்புறம். சங்க நூல்களில் அது முல்லை நிலத்துப் புன்செய், வரகு விளையும் இடம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இரு பொருளையும் தருகிறது. மலங்கழிக்கச் செல்வதற்கு, ‘கொல்லைக்குப் போதல்’ போலவே, ‘வெளிக்குப் போதல்’, ‘காட்டுக்குப் போதல்’ என்றும் ஊர்ப்புறங்களில் சொல்வதுண்டு. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கொல்லைக்குப் போனவர் வீட்டு மதிலைத் தாண்டிப் போனவர் என்று கொள்வதே பொருந்துகிறது. மதிலுக்குள் ஓர் அறை இருந்ததற்கு அவ்வழக்கு சான்று சொல்லவில்லை.

வீட்டுப் பின்புறத்துக்குப் பழைய பெயர் புழைக்கடை. திருப்பாவையின் 14ஆம் பாசுரத்தில் புழைக்கடைத் தோட்டத்தில் இருப்பது செங்கழுநீர் பூக்கும் வாவி. மார்கழி விடியலில் இந்த வீதிகளிலேயே காதில் விழும் பாசுரத்தை விவாதத்துக்கு வெளியே நிறுத்துவது ஏன் என்று விளங்கவில்லை. பாசுரம் கட்டட வரைபடம் ஆகாதுதான். ஆயினும் பின்புறம் என்றாலே ஒதுக்கிடம் என்ற எண்ணம் அதில் இல்லை.

கழிப்பறைக்கு வேரூன்றிய பெயரோ ‘கக்கூஸ்’, டச்சுக்காரர் வழி வந்த சொல். பெயர் பிந்தியதால் பொருளும் பிந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஐயத்துக்கு இடம் தருகிறது, அவ்வளவே. ‘மலசலகூடம்’ என்பதை எதிர்ச்சான்றாகக் கொண்டுவந்தால், அது ஆக்கச் சொல் என்பதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

பின் அந்த அறை கோடிக்குப் போனது எப்படி? திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866இல் அமைந்தது. நகராட்சிகளின் காலத்து எடுப்புக் கக்கூஸில்தான் விடை இருக்கிறது. மலம் அள்ள வருபவர் வாசல் வழியே நுழையக் கூடாது என்றது சாதி விதி. அவருக்கென்று பின்சந்து, சந்தைப் பார்த்த சுவரில், குனிந்து கைவிட்டு அள்ளும் அளவுக்கு ஒரு திறப்பு. ஆசாரத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்லவில்லை. ஆசாரம் தள்ளிவைத்தது அந்த மனிதரை. அறை அவர் இருந்த பக்கம் போயிற்று. அந்த வேலையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடையை இறுக்கியது. காரணம் குற்றமாகிவிட்ட பின், அது விட்டுச்சென்ற மூலையை மட்டும் மரபென்று காப்பது எந்த நியாயம்? தளிகை உள்ளுக்கு, அதாவது சமையலறைக்கு, பக்கத்தில் வேண்டாம் என்று வீட்டார் சொன்னால் அது அவர்கள் விருப்பம். அதை வரலாறாக எழுதுவதுதான் பிழை.

காக்க வேண்டியவை வேறு. வாசலில் நின்றால் ரேழி, கூடம், முற்றம் கடந்து கொல்லை வெளிச்சம் தெரிகிறதே, அந்த நேர்நடை. அடுத்தது மெட்ராஸ் தளம்: தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்தது. அதன்மேல் மாடிக் குளியலறை கட்டிக் குழாய் கசிந்தால், சுவருக்குள் புதைந்த கட்டைமுனை யார் கண்ணிலும் படாமல் இற்றுப்போகும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு இது. கிணற்றடிக்கு அருகே கழிவுக்குழி தோண்டுவதும் ஆபத்து.

ஆகவே, முற்றத்தை மூடிக் குளியலறை கட்டுவதைத் தடுக்கலாம். மாடியில் கட்டுவதையும் தடுக்கலாம். தரைத்தளத்தில் இரண்டாம் கட்டின் பக்கச் சுவரை ஒட்டி ஒன்று சேர்ப்பதைத் தடுக்க ‘கொல்லைக்குப் போதல்’ சான்றாகாது.