கரிச்சான் குஞ்சு: ஒரு புனைபெயரின் வேர்

தமிழ் எழுத்தாளர்களின் புனைபெயர்களில் பல தன்னந்தனியாக நிற்பவை. புதுமைப்பித்தன் என்றால் ஒருவர்தான். மௌனி என்றாலும் ஒருவர்தான். 'கரிச்சான் குஞ்சு' என்ற பெயரோ ஒருவரைச் சொல்லும்போதே இன்னொருவரையும் அழைத்து வருகிறது. குஞ்சு என்று ஒன்று இருந்தால் அதற்கு இரையூட்டிய பறவை ஒன்றும் இருந்தாக வேண்டும். ஆர். நாராயணசாமி (1919–1992) மூத்த எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலன் மீது கொண்ட பற்றினால் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார். 'கரிச்சான்' என்பது கு.ப.ரா.வின் புனைபெயர்களில் ஒன்று. எழுதும் ஊக்கம் எங்கிருந்து பிறக்கிறது, எப்படி வற்றாமல் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெயரின் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது.

முதலில் பறவையைப் பார்ப்போம். மின்கம்பியிலும் மேயும் மாட்டின் முதுகிலும் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். மாட்டின் காலடியில் பூச்சி கிளம்பினால் பாய்ந்து பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். உடல் முழுதும் பளபளக்கும் கறுப்பு. வால் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். 'கரி' என்ற முதற்பகுதி நிறத்தைச் சொல்கிறது. கரிக்குருவி, கருங்குருவி என்ற பெயர்களும் நிறத்தால் வந்தவையே. இரட்டைவால் குருவி, கருவாட்டுவாலி என்பவை வாலைப் பார்த்து வைத்தவை.

பறவையின் இயல்பைப் பார்த்து வைத்த பெயர்கள் வேறு. ஆண்டாளின் திருப்பாவையில், விடியுமுன் எங்கும் பேச்சொலி எழுப்பும் பறவைக்கு ஆனைச்சாத்தன் என்று பெயர். சாத்தன் பழந்தமிழ் நாட்டில் மனிதர்களுக்கு இட்ட பெயர். மணிமேகலை பாடியவரும் சாத்தனார்தான். அந்தப் பெயரோடு ஆனையையும் சேர்த்து ஒரு கைப்பிடி அளவுள்ள பறவைக்குச் சூட்டியிருக்கிறார்கள். மலையாளத்தில் இதே பறவை ஆனறாஞ்சி, அதாவது ஆனையையே கவ்விச் செல்வது. இந்தியில் இதைக் கொத்வால், காவல் அதிகாரி, என்கிறார்கள். சிறிய உடலுக்குள் இருக்கும் துணிவை இத்தனை மொழிகளும் கண்டிருக்கின்றன. கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் கரிச்சான் துரத்தித் துரத்திக் கொத்தும். வேறு பறவைகள் அது கூடு கட்டிய மரத்தைத் தேடி வந்து தாமும் கூடு கட்டுவதுண்டு.

ஆனைச்சாத்தன் என்பதற்கு வைணவ உரை மரபு தரும் விளக்கம், வலியன் என்னும் பரத்வாஜப் பட்சி. கு.ப.ரா. 'பாரத்வாஜன்' என்ற பெயரிலும் எழுதியிருக்கிறார். வடமொழிப் பெயர் ஒன்று, ஊர்ப்பேச்சுப் பெயர் ஒன்று. இரண்டும் ஒரே பறவையில் வந்து சேர்கின்றன.

'வலியன்' என்ற பெயருக்குப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் ஒரு கதை சொல்கிறது. காக்கைகளின் தாக்குதலுக்கு அஞ்சி ஓடிய கரிக்குருவி ஒன்று, மதுரையின் பெருமையை ஒருவர் சொல்லக் கேட்டுப் பறந்து வந்து, பொற்றாமரையில் நீராடி இறைவனை வணங்குகிறது. சொக்கநாதர் அதற்கு உபதேசிக்கிறார். எளியதாக இருந்த பறவை வலியதாகிறது. பெற்ற வலிமை தன்னோடு முடியாமல் தன் இனத்துக்கெல்லாம் கிடைக்க வேண்டும் என்றும் அது வரம் கேட்கிறது. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இந்தத் திருவிளையாடல் இன்றும் நடக்கிறது. அந்தப் பறவைக்குக் கிடைத்தது படையோ பெரிய சிறகோ இல்லை, காதில் விழுந்த ஒரு சொல்தான்.

கு.ப.ரா. வாழ்ந்த வாழ்வோடு கரிச்சான் என்ற பெயர் நன்றாகப் பொருந்துகிறது. 1902இல் கும்பகோணத்தில் பிறந்த அவர், மேலூர் தாலுகா அலுவலகத்தில் கணக்கராக இருந்தபோது பார்வை மங்கி வேலையை விட்டார். கண் தெரியாத அந்த நாட்களில் அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். பின்னாளில் அவரும் சிறுகதை எழுத்தாளரானார். அண்ணனுக்குக் கைகொடுத்தவர் தனக்கான எழுத்தையும் அங்கேயே கண்டுகொண்டார். பார்வை திரும்பியதும் கு.ப.ரா. சென்னைக்குப் போய் 'மணிக்கொடி' இதழின் எழுத்தாளர்களோடு சேர்ந்தார். பிறகு கும்பகோணத்தில் மறுமலர்ச்சி நிலையம் என்ற புத்தகக் கடை நடத்தினார். துறையூரிலிருந்து வந்த 'கிராம ஊழியன்' இதழுக்கு ஆசிரியரானார். எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்து, 1944இல் 42 வயதில் மறைந்தார். தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், நாராயணசாமி ஆகிய இளைஞர்கள் அவரிடம் நெருங்கிப் பழகியவர்கள். ஜானகிராமனின் முதல் நாவலான 'அமிர்தம்' வெளிவந்ததும் 'கிராம ஊழிய'னில்தான்.

கரிச்சான் மறைந்தபோது குஞ்சுக்கு வயது 25கூட நிறையவில்லை. அதன்பின் 47 ஆண்டுகள் அந்தப் பெயரோடு அவர் வாழ்ந்தார். வேதமும் வடமொழியும் கற்றவர். ஆசிரியராக வேலை பார்த்தவர். அவருடைய பெயரை நிலைநிறுத்திய 'பசித்த மானிடம்' நாவல் 1978இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 59. கு.ப.ரா.வின் கதைகள் ஆண் பெண் மனத்தின் மெல்லிய அசைவுகளைச் சில பக்கங்களுக்குள் சொல்லிவிடுபவை. 'பசித்த மானிடம்' உடலின் பசி, நோய், அவமானம் எல்லாவற்றையும் மறைப்பின்றி முன்வைக்கும் பெரிய ஆக்கம். பெயரை வாங்கிக்கொண்டவர் நடையை வாங்கிக்கொள்ளவில்லை. 'குஞ்சு' என்று சொல்லிக்கொள்வதற்குப் பணிவு வேண்டும். அப்படிச் சொல்லிக்கொண்டே வேறு திசையில் பறப்பதற்குத் துணிவு வேண்டும். அவரிடம் இரண்டும் இருந்தன.

கரிச்சான் குஞ்சுகள் பறக்கத் தொடங்கிய பிறகும் பெற்ற பறவைகள் ஏறத்தாழ ஒரு மாதம் இரையூட்டும். அந்த நாட்களில் இளம் பறவைகள் இலையைக் காற்றில் நழுவவிட்டு, அது தரையைத் தொடுமுன் பாய்ந்து பிடித்து விளையாடுவதைப் பறவையியலாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பூச்சி பிடிக்கும் வித்தை அந்த விளையாட்டில் பழகுகிறது. கதை எழுதப் பழகுபவர்களுக்கும் இதே இரண்டு தேவை: நம்பி இரையூட்டும் மூத்தவர் ஒருவர், பயன் பார்க்காமல் எழுதி எழுதிப் பழகும் காலம்.

ஊக்கம் வற்றிப்போனதாக வருந்தும் இளம் எழுத்தாளர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். யாருடைய எழுத்து உங்களை எழுத வைத்ததோ அவரை வெளிப்படையாகக் கொண்டாடுங்கள். அவருக்குக் கடன்பட்டிருப்பதால் உங்கள் தனித்தன்மை குறைந்துவிடாது. உங்கள் பெரிய படைப்பு 59ஆம் வயதிலும் வரலாம் என்பதை நம்பி எழுதிக்கொண்டிருங்கள். ஓரளவு எழுதி நிலைபெற்றவர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. முதல் கதையோடு தயங்கி நிற்கும் ஒருவரைப் பார்த்தால், அதைப் பொறுமையாக வாசித்து, அதில் உயிருள்ள இடம் எது என்று சொல்லுங்கள். அந்தச் சொல் அவரை அரை நூற்றாண்டு எழுத வைக்கலாம்.