சந்திரி எரித்த உடல், பிரபு பிரிந்த வாசல்

பெங்களூரில் பழைய மத்தியச் சிறை இருந்த இடம் இன்று ஃப்ரீடம் பார்க். நெருக்கடிநிலைக் காலத்தில் அங்கே ஆஸ்துமாவோடு அடைபட்டுக் கிடந்தவர் ஸ்நேகலதா ரெட்டி. பரோலில் வெளியே வந்த சில நாட்களில், 1977 ஜனவரியில், இறந்துபோனார். தன் கணவர் பட்டாபிராம ரெட்டி இயக்கிய 'சம்ஸ்காரா' படத்தில் சந்திரியாக நடித்தவர் அவர். அந்தப் பூங்காவைக் கடக்கையில் யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவலில் பிராணேசாசாரியர் அல்ல, சந்திரிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறாள்.

1965இல் வந்தது 'சம்ஸ்காரா'. துர்வாசபுரம் அக்கிரகாரத்தில் ஆசாரத்தை மீறி வாழ்ந்த நாரணப்பா பிளேக்கில் சாகிறான். யார் கொள்ளி வைப்பது? விடை தேடி மாருதி கோயிலில் நாளெல்லாம் காத்திருந்த சாஸ்திர பண்டிதர் பிராணேசாசாரியர், வெறுங்கையோடு திரும்பும் வழியில், இருட்டில், நாரணப்பாவோடு வாழ்ந்த சந்திரியோடு கூடிவிடுகிறார். அதன்பின் நாவல் முழுக்க அவருடைய நடைதான். இறந்துபோன நோயாளி மனைவியைத் தகனம் செய்துவிட்டு, திசை தெரியாமல் போகிறார். தீட்டோடு மேலிகே கோயில் பந்தியில் உட்கார்கிறார். ஊரில் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா, குந்தாபுரம் போய்ச் சந்திரியோடு வாழலாமா என்று தவிக்கிறார். எத்தனை நேர்மையான தவிப்பு! ஆனால் அதில் சந்திரி என்ன ஆனாள் என்ற கேள்வி எங்கே? தான் யார் என்பதே அவரை அரிக்கிறது.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் வரும் பிரபுவுக்கு ஆசாரியரின் படிப்பும் இல்லை, தவமும் இல்லை. மழையில் நின்ற கல்லூரிப் பெண் கங்காவைக் காரில் ஏற்றிக்கொண்டவன். ஆசாரியர் உடைத்தது தன் விரதத்தை. பிரபு உடைத்தது ஒரு பெண்ணின் வாழ்க்கையை. இரண்டையும் ஒரே பாவமாக என்னால் எண்ண முடியவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து அவளே அவனைத் தேடிப் பிடிக்கிறாள். தான் செய்ததன் முழு அளவு அவள் சொல்லித்தான் அவனுக்கு விளங்குகிறது. பிறகு அவளோடு உட்கார்ந்து பேசுகிறான், காது கொடுத்துக் கேட்கிறான், விரல்கூடப் படாமல் நட்பாக இருக்கிறான். ஆசாரியருக்குக் கிட்டாத பாக்கியம் இது: தன்னால் காயம்பட்டவரின் முகத்தைத் தினமும் பார்ப்பது. மனிதன் இப்படித்தான் திருந்துகிறான் என்று நான் நம்புகிறேன். அந்த வகையில் பிரபுவே ஆசாரியரைவிட அதிக தூரம் வந்தவன்.

ஆனாலும் கடைசியில் அவன் சறுக்குகிறான். அவள் ஒரு கல்யாணம் செய்துகொண்டால்தான் தன் பாவம் தீரும் என்று அவனாகவே முடிவுகட்டி, அவள் கெஞ்சியும் விலகிப் போகிறான். அவள் நன்மைக்காகத்தான். கங்கா குடிக்கத் தொடங்குகிறாள். முதல் தடவை அவள் சம்மதத்தைக் கேட்காதவன், பிராயச்சித்தத்திலும் அவளைக் கேட்கவில்லை. வருந்தும் மனதுக்குள்ளும் பழைய எஜமானன் குடியிருக்கிறான் என்பதை ஜெயகாந்தன் 1970 வாக்கிலேயே எழுதிவிட்டார். இந்த நாவலுக்கு விதையான 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் தலையில் தண்ணீர் ஊற்றி மகளைத் தேற்றிய அம்மாவுக்கு இருந்த தெளிவு இவனுக்கு வாய்க்கவில்லை.

சந்திரிக்கு அந்தத் தெளிவு இருந்தது. அக்கிரகாரமே சாஸ்திரம் பேசிக்கொண்டிருந்த இரவில், வண்டிக்காரன் மறுத்த பிறகு மீன் வியாபாரி அகமது பாரியை அழைத்து வந்து, நாரணப்பாவின் உடலைச் சத்தமில்லாமல் எரித்துவிட்டு, அவள் ஊரைவிட்டுப் போய்விட்டாள். பாவம் என்றோ புண்ணியம் என்றோ அவள் கணக்குப் பார்க்கவில்லை. பிணம் அழுகியது, எரித்தாள்.

ஆசாரியருக்கு இது தெரியாது. நாவலின் கடைசிப் பக்கத்தில் துர்வாசபுரம் பக்கம் போகும் மாட்டுவண்டியில் இடம் கிடைத்து ஏறிக்கொள்கிறார். இன்னும் நாலைந்து மணி நேரப் பயணம் இருக்கிறது.