எண்ணும் தேதியும்: நீதிமன்ற நிர்வாகத்தின் அறம்

நீதி கேட்டு வருகிறவர் நீதிபதியின் முன் நிற்பது சில நிமிடங்கள்தாம். மற்ற நேரமெல்லாம் அவர் நிற்பது பிராது வாங்கும் சன்னலிலும், நகல் பிரிவிலும், நாசர் அலுவலகத்திலும், அறிவிப்புப் பலகையின் முன்னும். நீதிமன்றம் நேர்மையானதா என்ற கேள்விக்கு அவர் பாதி விடையை அங்கேயே எழுதிக்கொண்டுவிடுகிறார். தீர்ப்பு நீதிபதியுடையது, தீர்ப்பு வரை வழக்கைக் கொண்டுசெல்வது அலுவலகம். அலுவலகத்தின் கையில் இருக்கும் அதிகாரமோ பெரும்பாலும் இரண்டே: வழக்குக்கு இடும் எண், தாளில் இடும் தேதி. இவ்விரண்டும் பொய்க்காமல் காப்பதே நீதிமன்ற நிர்வாகத்தின் அறம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கீழமை நீதிமன்றங்களின் மீதான கட்டுப்பாட்டை அரசியலமைப்பின் 235ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்திருக்கிறது. உயர் நீதிமன்ற அலுவலர்களை நியமிக்கும் அதிகாரத்தை 229ஆம் உறுப்பு தலைமை நீதிபதிக்கு அளிக்கிறது. ஆட்சியாளரின் தலையீடு நீதிமன்றத்துக்குள் நுழையாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் வெளியார் கண் படாத இடத்தில் உள்ளிருப்போர் தம்மைத் தாமே கண்காணிக்கும் கடமை இரட்டிப்பாகிறது. சுதந்திரம் என்பது கேள்வி கேட்க ஆளில்லாத நிலை அன்று.

நகல் பிரிவை எடுத்துக்கொள்வோம். சான்றிட்ட நகல் ஒன்றின் மேல் வரிசையாகச் சில தேதிகள் இருக்கும்: மனுக் கொடுத்த நாள், முத்திரைத்தாள் கோரிய நாள், தாள் கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். பார்ப்பதற்கு வெறும் ரப்பர் முத்திரைகள். ஆனால் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, உரிமையியல் வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 90 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள். நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தை இக்கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பதை அந்த முத்திரைகளே காட்டுகின்றன. ஒரு தேதி மாறினால் ஒரு குடும்பத்தின் மேல்முறையீட்டு உரிமையே மாறக்கூடும். நகல் எழுத்தரின் மேசையில் நடப்பதும் நீதிபரிபாலனமே.

சம்மன் சார்வு, அதாவது சம்மனை உரியவரிடம் சேர்ப்பிப்பது, இன்னும் நுட்பமானது. பிரதிவாதி வாங்க மறுத்தாலோ, முறையாகத் தேடியும் அகப்படாவிட்டாலோ, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 5, விதி 17 சம்மனை வீட்டுக் கதவில் ஒட்ட அனுமதிக்கிறது. ஒட்டிய சூழ்நிலையையும், வீட்டை அடையாளம் காட்டியவர் பெயர், முகவரியையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஊருக்கே போகாமல் ‘வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டப்பட்டது’ என்று உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட்டால், ஒருதலைத் தீர்ப்பாணை பிறந்துவிடுகிறது. அதை நீக்கக்கோரும் மனு, அதற்கு எதிர்மனு, அதன் மேல் மேல்முறையீடு என ஆண்டுகள் கரைகின்றன. நீதிபதி எவ்வளவு கற்றவராக இருந்தாலும், அவர் நம்பி நடப்பது அந்த ஒற்றை வரியைத்தான்.

பிராது திருப்புதலிலும் இதே நிலைதான். குறையிருந்தால் திருப்புவது அலுவலகத்தின் கடமை. நான்கு குறைகளை நான்கு தடவையாகச் சொல்லித் திருப்புவது கடமை ஆகாது. ஒவ்வொரு ‘ரிட்டர்ன்’ முத்திரையும் வக்கீல் குமாஸ்தாவுக்கு இன்னொரு நடை, கட்சிக்காரருக்கு இன்னொரு செலவு. இடைத்தரகருக்கு இன்னொரு வாய்ப்பு. லஞ்சம் பெரும்பாலும் தவறான முடிவுக்காகக் கொடுக்கப்படுவதில்லை; நடந்தே தீரவேண்டிய வேலை நடப்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. தாமதம் இருக்கும் இடத்தில்தான் அதற்கு விலை உண்டாகிறது.

இங்கேதான் தலைமையின் தேவை. மாவட்ட நீதிபதிகள் சில ஆண்டுகளில் மாறுதலாகிப் போவார்கள். சிரஸ்தாரும் தலைமை எழுத்தரும் பெரும்பாலும் அதே மாவட்டத்தில் இருப்பார்கள். ஆகவே தலைமை என்பது நீதிபதியின் நாற்காலியோடு முடிவதில்லை. நல்ல தலைமை ஊழியரின் நல்ல குணத்தை மட்டும் நம்பியிராது. பதிவேடுகளை முன்னறிவிப்பின்றிப் பார்வையிடும். வரிசையை மீறி ஒரு வழக்குக் கட்டு நகர்ந்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கும். ஒருவரை ஒரே மேசையில் வேரூன்ற விடாது. பிழையைத் தானே வந்து சொல்லும் எழுத்தரைப் பாதுகாக்கும். அலுவலக உதவியாளரை வீட்டு வேலைக்குப் பயன்படுத்திவிட்டு, மறுநாள் அவரிடம் நேர்மை பற்றிப் பேசும் தலைமைக்கு மதிப்பிராது.

நிர்வாகம் தனித் திறன் என்பதை நாடு தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. 2010 முதல் 2015 வரையிலான காலத்துக்கு 13ஆவது நிதிக்குழு நீதித்துறைக்குப் பரிந்துரைத்த 5,000 கோடி ரூபாயில், 300 கோடி நீதிமன்ற மேலாளர் பணியிடங்களுக்கானது. ஆனால் அவர்களின் பணி நிலை பல மாநிலங்களில் ஒப்பந்தத்திலேயே தொங்கியது. அவர்களை முறைப்படுத்த 2018இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2025 மே மாதத்தில் அதற்கான விதிகளை வகுக்குமாறு உயர் நீதிமன்றங்களுக்கு மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் 7,210 கோடி ரூபாய் ஒப்புதலானது. இன்று ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க அடையாளக் குறி உண்டு. அதைக் கொண்டு கிராமத்திலிருப்பவரும் கைபேசியில் வாய்தா தேதியை அறியலாம். ஆனால் மாலையில் அந்தத் தேதியைப் பதிபவர் ஒரு மனிதர். அவர் பதியத் தவறினால், அல்லது தவறாகப் பதிந்தால், கணினி அந்தப் பிழையை இன்னும் வேகமாகப் பரப்பும். தொழில்நுட்பம் ஒழுங்கின் கருவியாகலாம். ஒழுங்குக்கு மாற்று ஆகாது.

2002இல் உருவான பெங்களூர் நீதித்துறை நடத்தைக் கோட்பாடுகள் ஆறு விழுமியங்களைச் சொல்கின்றன: சுதந்திரம், நடுநிலை, நேர்மை, தகைமை, சமத்துவம், திறமையோடு கூடிய ஊக்கம். அவை நீதிபதிகளை நோக்கி எழுதப்பட்டவை. ஆயினும் முதலில் வந்த மனுவை முதலில் எடுப்பது நடுநிலை. தெரிந்த வக்கீலுக்கும் தெரியாத மூதாட்டிக்கும் ஒரே பதில் சொல்வது சமத்துவம். அன்றைய வேலையை அன்றே பதிவது ஊக்கம். அலுவலக மேசையில் பயிலாத விழுமியம் நீதிபதியின் இருக்கையில் மட்டும் தழைக்காது.

ஆகவே இதைப் படிக்கும் நீதிமன்றப் பணியாளர்களிடம் வேண்டுவது இதுதான்: வரிசையை மாற்றாதீர்கள், மாற்றியே ஆகவேண்டுமெனில் காரணத்தை எழுதிக் கையொப்பமிடுங்கள். நடந்த நாளையே தேதியாக இடுங்கள். தலைமையில் இருப்பவர்களே, அதற்குப் பாதுகாப்பாக நில்லுங்கள்.