கோட்டை நகரங்கள்: செஞ்சியை விடாத சுல்பிகார் கான்

தேசிங்கு ராஜன் எப்போது வருவான் என்று அவலூர்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வாரம் வந்திருக்க வேண்டும். குறுக்கே சுல்பிகார் கான் பாளையம் போட்டுவிட்டார்.

கோனார், நாயக்கர், பீஜப்பூர் கதைகள் முடிந்தன. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்ததும் உங்களுக்குத் தெரியும். தெற்கில் ஒரு புகலிடம் வேண்டும் என்ற அவர் தொலைநோக்கு பலித்தது 1689இல்தான். அவர் மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற பிறகு, தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி வந்து செஞ்சிக்குள் நுழைந்தார். மராட்டியத் தலைநகரே இங்கே வந்துவிட்டது. ஆனால் கஜானா காலி. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார்கள். சுற்றிலும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலமும் சேர்த்தி. கம்பெனியார் சும்மா இருப்பார்களா? குண்டு விழுந்த தூரம்வரை ஊர்களை வளைத்துக்கொண்டார்கள்.

அதே 1690இல் வந்து இறங்கினார் சுல்பிகார் கான், ஔரங்கசீப்பின் தளபதி, வஜீர் ஆசத் கானின் மகன். முற்றுகை எட்டு வருஷம் இழுத்தது! ராஜகிரி உச்சிக்கு முன் பாறைப் பிளவும் அதன்மேல் பாலமும் உண்டு, ஏறியவர்களுக்குத் தெரியும். அதனால் மட்டுமா இழுத்தது? 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து, முற்றுகை போட்டவர்களையே வளைத்தார்கள். மொகலாயர் பாளையத்தில் தானியம் தட்டுப்பாடு. பாதுஷாவின் கடைசி மகன் காம் பக்ஷ் பாளையத்தில் இருந்தபடியே ராஜாராமுக்கு ரகசியத் தூது விட்டான். ஆசத் கானும் சுல்பிகாரும் சேர்ந்து இளவரசனையே கைது செய்தார்கள்! அடுத்து எதிரியோடு பேரம் பேசி, வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள்.

சுல்பிகாரைக் கையாலாகாதவர் என்பவர்களை நான் நம்பவில்லை. கோட்டை விழுந்தால் பாதுஷா வேறு வேலைக்குக் கூப்பிடுவார். விழாதவரை தெற்கில் அவர் வைத்ததே சட்டம். கிழவர் கண்ணை மூடட்டும் என்று காத்திருந்தார் என்றே படுகிறது. ராஜாராமிடம் வீரம் தேடுவது வீண். எனக்கு இந்தத் தந்திரக்காரர்மீதுதான் கண்.

1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. ராஜாராம் அதற்குள் வேலூர்ப் பக்கம் தப்பியிருந்தார். வெற்றிக்குப் பின் செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் வந்தது. சுல்பிகாரின் பட்டம் நுஸ்ரத் ஜங். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே. கல்யாண மகாலில் படம் எடுத்துக்கொள்பவர்கள் இந்த எட்டு வருஷத்தையும் கொஞ்சம் நினைக்கலாம்.

1713இல் பரூக்சியர் ஆணைப்படி சுல்பிகாரின் கழுத்து நெரிக்கப்பட்டது. அதற்குள் செஞ்சி பந்தேலா வீரர் ஸ்வரூப் சிங்கின் கைக்குப் போயிருந்தது. அவர் மகன்தான் தேசிங்கு. அடுத்த வாரம் குதிரையோடு வருவான்.