முனிர்காவும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பின் அளவீடும்

தென் தில்லியின் முனிர்காவில் அமைந்துள்ள தேசிய சுகாதார, குடும்ப நல நிறுவனம், சுகாதார நிர்வாகக் கல்விக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் தனித்தனியே இயங்கிவந்த இரு நிறுவனங்களை இணைத்து 1977 மார்ச் 9 அன்று உருவாக்கப்பட்டது. பிறப்புகளைக் குறைப்பதே அரசின் பெருங்கவலையாக இருந்த அக்காலத்தில், பிறந்து 28 நாட்கள் நிறைவதற்குள் இறப்போரை ஆயிரம் உயிருள்ள பிறப்புகளுக்கு இத்தனை பேர் எனக் கூறும் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதமே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பை அளக்கக் கைக்கெட்டிய அளவுகோலாக இருந்தது. அது நாட்டின் நிலையைக் காட்டுமேயன்றி, எந்த வார்டில் எந்தப் பணி தவறியது என்பதைக் காட்டாது.

அக்குறையைப் போக்க முதலில் முனைந்தோர் மருத்துவர்களே. 1980இல் தொடங்கப்பட்ட தேசிய பச்சிளங்குழந்தை மருத்துவ மன்றம் 1995இல் ஒரு பொதுத் தரவுத் தொகுப்பை ஏற்படுத்தியது. 2002-03ஆம் ஆண்டு அறிக்கையில் 18 மருத்துவமனைகளின் சுமார் 1.45 லட்சம் பிறப்புகள் இடம்பெற்றன. பிறந்தவுடன் மூச்சுவிடாமை, குருதித்தொற்று போன்றவற்றுக்கு எல்லா மருத்துவமனைகளும் ஒரே வரையறையை ஏற்றதே அதன் பெரும்பயன். வரையறை இல்லாதவிடத்தில், நேர்மையாகப் பதிவுசெய்யும் மருத்துவமனையே மோசமானதாகத் தோன்றிவிடும்.

2003இல் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில் தொடங்கிய சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவு பிற மாவட்டங்களுக்கு முன்மாதிரியாகி, படுக்கைகளும் வார்மர்களும் பெருகின. ஆயினும் கருவி இருப்பதும் பராமரிப்பு தரமாக இருப்பதும் ஒன்றல்ல. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சையில் சேர்ந்த 13,530 குழந்தைகளை ஆராய்ந்தபோது, 14.3 விழுக்காட்டினருக்குக் குருதித்தொற்று காணப்பட்டது. அத்தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே ஏற்பட்டிருந்தமையால், பிரசவ அறையின் தூய்மையையும் கைகழுவுதலையும் தனியே அளக்கவேண்டிய தேவை மறுக்க முடியாததாயிற்று.

இதற்கிடையே, 2013 ஏப்ரல் 29 அன்று முனிர்கா நிறுவனத்தில் தாய்-சேய் கண்காணிப்பு உதவி மையம் திறக்கப்பட்டது. பதிவேட்டில் உள்ள சேவைகள் உண்மையில் கிடைத்தனவா என்று தாய்மாரையும் களப்பணியாளரையும் தொலைபேசியில் கேட்டறிந்த அம்மையம், மேலே அனுப்பப்படும் எண்ணைத் தாயின் வாய்மொழியால் சரிபார்த்ததென்பதால் இவ்வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது.

எனினும் பெரும் மாற்றம், எண்கள் செவிலியரிடமே திரும்பிய பின்னரே நிகழ்ந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகமும் தில்லி எய்ம்ஸும் இணைந்து வகுத்த பராமரிப்பிடத் தர மேம்பாட்டு முறையில், பணிபுரிவோரே ஒரு குறையைத் தெரிந்தெடுத்துக் குழுவாகி இலக்கு எழுதுகின்றனர். காரணத்தை ஆராய்ந்து அளவுகோலை முடிவுசெய்கின்றனர். சிறு மாற்றத்தைச் சோதித்து, பயன் தந்தால் நிலைபெறச் செய்கின்றனர். வார்டுக்கு வரும் குழந்தையின் உடல்வெப்பம் 36.5 டிகிரி செல்சியசுக்குக் கீழிருந்தால், துடைத்துப் போர்த்துவதில் ஒரு மாற்றத்தை ஒரே ஷிப்டில் முயன்று பார்த்து, விளைவை நாள்தோறும் வரைபடத்தில் குறிப்பது அதன் எளிய வடிவம்.

அரசும் பிரசவ அறைகளுக்கு 2017இல் லக்ஷ்யா திட்டத்தையும் குழந்தைகள் பிரிவுகளுக்கு 2021இல் முஸ்கான் திட்டத்தையும் தொடங்கி, மதிப்பெண் அடிப்படையில் சான்றளிக்கிறது. மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி 2000இல் 44ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம் 2020இல் 20ஆகக் குறைந்துள்ளது; 2030க்குள் அதை ஒற்றை இலக்கமாக்க 2014ஆம் ஆண்டின் தேசியச் செயல்திட்டம் உறுதிகூறியிருப்பதால், சான்றளிக்க ஆய்வாளர் வந்துபோகும் நாட்களுக்கு இடையிலும் வார்டின் அந்த நாள்தோறும் குறிக்கும் வரைபடம் தொடர்ந்து நிரப்பப்படுவது இன்றியமையாதது.