நடுங்கும் காற்றும் வளையும் ஆடியும்

விண்மீன்களின் மினுமினுப்பைக் கண்டு மகிழாதார் இலர். வானியலார்க்கோ அதுவே தீராத் தடை. வெப்பக் காற்றும் குளிர்காற்றும் கலந்து புரள்கையில், அதனூடே வரும் ஒளி கணந்தோறும் சிதைகிறது. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலிலேயே இதனை விளக்கி, உயர்ந்த மலைமுடிகளின் அமைதியான காற்றையே மாற்றாகக் காட்டினார்.

மலையேறியும் தடை முற்றும் நீங்கவில்லை. கலிபோர்னியாவின் பலோமர் மலையில் 1948-இல் திறக்கப்பெற்ற 200 அங்குலத் தொலைநோக்கி, மங்கிய ஒளியைத் திரட்டுவதில் நிகரற்று விளங்கிற்று. ஆயினும் நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டுவதில், ஓரடி விட்டமுள்ள சிறு கருவியை அது பெரிதும் விஞ்சவில்லை.

ஹோரஸ் பாப்காக் என்னும் அமெரிக்க வானியலார் 1953-இல் ஒரு வழி கூறினார். ஒரு விண்மீனின் ஒளி எவ்வாறு சிதைகிறது என்று அளந்து, அதற்கு நேர்மாறாக ஆடியின் பரப்பை உடனுக்குடன் வளைத்தால் சிதைவு நீங்கும் என்பதே அது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நிகழவேண்டும். அவ்வேகம் அன்றைய கருவிகளுக்கு இல்லை. பின்னர், செயற்கைக்கோள்களைக் கூர்ந்து நோக்கும் பொருட்டு அமெரிக்கப் படைத்துறை இக்கலையை மறைவில் வளர்த்தது. 1989-இல் பிரான்சின் ஓட் புரோவான்சு ஆய்வகத்தில் ஐரோப்பிய வானியலார் தம் முயற்சியில் வெற்றி கண்டனர்.

அளப்பதற்கு ஒளிமிக்க விண்மீன் அருகில் இல்லையெனில் என் செய்வது? ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை லேசர் கதிரால் ஒளிரச் செய்து, செயற்கை விண்மீனைப் படைக்கலாம். பிரெஞ்சு அறிஞர் இருவர் 1985-இல் லேசர் வழியை வெளியிட்டனர். படைத்துறையினர் அதனை முன்னரே அறிந்திருந்தும், 1991-இல்தான் உலகிற்கு உரைத்தனர். ஒரே உண்மையை இருமுறை தேட வேண்டியதாயிற்று!

இத்துணைத் திறன் பெற்றும் காற்றின் ஆட்சி ஓயவில்லை. வழிகாட்டும் மீனைவிட்டுச் சற்று விலகினாலும், ஒளி வேறு காற்றைக் கடந்து வருகிறது. ஒன்றுக்குச் செய்த திருத்தம் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில், ஒரே வழிகாட்டியால் நன்கு தெளிவுறும் பரப்பின் அகலம் நிலவின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கும் தேறாது. அகச்சிவப்பு ஒளியில் அது சற்று விரியும். மேலும், படம் முழுவதும் பக்கவாட்டில் அசைவதை லேசர் மீன் காட்டாது. அதற்கு இயற்கை விண்மீன் ஒன்று வேண்டும்.

இக்குறுகிய சாளரம் வீண்போகவில்லை. அதன் வழியே, நம் விண்மீன் திரளின் நடுவண் சுழலும் மீன்களை ஆண்ட்ரியா கெஸ், ரைன்ஹார்ட் கென்சல் ஆகியோரின் குழுக்கள் பல்லாண்டு பின்தொடர்ந்தன. 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கும் ஒரு மீனின் பாதை, சூரியனைப்போல் 40 இலட்சம் மடங்கு நிறை அங்கு ஒடுங்கியிருப்பதைக் காட்டிற்று. 2020-இல் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். வானம் முழுவதையும் ஒருங்கே தெளிவாகக் காண விழைந்தார்க்குக் காற்று இடந்தரவில்லை; சிறு பரப்பைப் பொறுமையோடு நோக்கியவர்க்கோ வழிவிட்டது.