யமஹா எஸ்ஆர்400

யமஹா எஸ்ஆர்400 என்பது, ஜப்பானிய யமஹா நிறுவனம் 1978-இல் வெளியிட்ட, 399 சி.சி. கொள்ளளவும் காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டரும் உடைய ரோட்ஸ்டர் வகை மோட்டார் சைக்கிளாகும். யமஹாவின் எக்ஸ்டி500 மோட்டார் சைக்கிளின் எஞ்சினை ஆதாரமாகக் கொண்டு, எஸ்ஆர்500 என்னும் உடன்பிறப்பு வாகனத்துடன் ஒருங்கே தோன்றிய இது, ஜப்பானின் நடுத்தர ஓட்டுநர் உரிமத்துக்குரிய 400 சி.சி. வரம்பினுள் அமைந்தமையால், புதிதாக ஓட்டப் பழகியவர்க்கும் ஏற்றதாயிற்று. மின் ஸ்டார்ட்டர் இன்மையால், இடப்புற டிகம்ப்ரஷன் நெம்புகோலை அழுத்திக் கிக்கரை மெல்ல மிதித்து, சிலிண்டர் தலையிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தில் குறி தென்பட்ட பின்னரே உதைத்துக் கிளப்புதல் இதன் விசேஷ லட்சணம். எஞ்சின் ஆயில் சட்டகக் குழாயினுள்ளேயே தங்குகிறது. அமைப்பு எளிமையாதலின், இருக்கை, பெட்ரோல் டாங்க், ஹாண்டில்பார், சைலன்ஸர் ஆகியவற்றைத் தத்தம் அபிருசிக்கேற்ப மாற்றி, கஃபே ரேசர், டிராக்கர், பாபர் முதலிய ரூபங்களைச் சமைப்போர்க்கு இது ஆதார வாகனமாக விளங்கிற்று. பிற்காலத்தில் கார்புரேட்டரின் ஸ்தானத்தில் மின்னணு எரிபொருள் செலுத்துமுறை புகுந்தபோதும் கிக்கர் மரபு நீடித்தது. 2021-ஆம் ஆண்டின் இறுதிப் பதிப்புடன் ஜப்பானியச் சந்தைக்கான உற்பத்தி முடிவுற்றது.